இடது கைக்கு ஒரு கத்தி

எனக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது நாற்பத்தாறாவது வயதில். புடவைக் கடைக்குள் நுழைந்தாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறவள் நான். அந்த மார்கழியில் கரியாஹாட் நடைபாதைக் கடை ஒன்றின் முன்னால், கத்திகளைப் பார்த்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். எல்லாம் அவியல் செய்த வேலை.

இந்த வங்காள ஊரில் தமிழ்க் குடும்பங்களாகிய நாங்கள் பொங்கலன்று காளிகாட் பக்கம் ஒரு மண்டபத்தைப் பிடித்துச் சேர்ந்து சமைப்போம். அவியலுக்குக் காய் நறுக்குகிற இடம்தான் அங்கே தர்பார். யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் பேசப்படும். அதில் உட்கார ஒரு பரீட்சை உண்டு. நாம் நறுக்கிய முதல் பத்துத் துண்டுகளை, அங்கே தலைமை வகிக்கும் மாமி வாழையிலையில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பார். போன வருஷம் என் பூசணித் துண்டுகள் ஒரு முனை பருத்தும் ஒரு முனை மெலிந்தும் கிடந்தன.

"நோக்குக் கை கோணல்டி. போய் இலை துடை," என்றார் மாமி.

வங்கியில் ஒரு கிளையையே கட்டி மேய்க்கிறவள், அன்று மத்தியானம் வரை வாழையிலை துடைத்தேன். சிரிப்புச் சத்தம் வட்டத்திலிருந்து வரும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த பொங்கலுக்குள் அங்கே உட்கார்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் இடது கைக்காரி. அடித்துப் பழக்கியதில் சாப்பாடும் எழுத்தும் வலது கைக்குப் போய்விட்டன. கத்தி மட்டும் மாறவில்லை. சின்ன வயதிலிருந்து எதை நறுக்கினாலும் கோணல்தான். வீட்டில் எல்லோரும் கையைக் குற்றம் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். சரி, கையை மாற்ற முடியாது, நல்ல கத்தியாவது வாங்குவோம் என்றுதான் கரியாஹாட் போனேன்.

கடைக்காரி என் வயதுதான் இருப்பாள். மூன்று கத்திகளை எடுத்துப் போட்டாள். முதலாவது அகல அலகு, நல்ல கனம். தேங்காயே உடைக்கலாம், ஆனால் கைப்பிடிக்குள் இரும்பு பாதிதான் போயிருந்தது, சீக்கிரம் ஆடிவிடும். இரண்டாவது பளபளவென்று மெல்லிசு. சேனைக்கிழங்கில் வைத்தால் வளைந்துவிடும். மூன்றாவதைத் தூக்கியதுமே எனக்குள் என்னவோ துள்ளியது. இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடி, மூன்று ஆணிகளால் இறுகியிருந்தது. அலகும் பிடியும் சேருமிடத்தில் ஒரு விரலை அடியில் கொடுத்துத் தாங்கினால், எந்தப் பக்கமும் சாயாமல் அப்படியே நின்றது. இதைவிட வேறென்ன வேண்டும்?

பக்கத்துக் கடையில் அரைக் கிலோ உருளைக்கிழங்கு வாங்கி அங்கேயே நறுக்கிப் பார்த்தேன். கோணல். மற்ற இரண்டிலும் அதே கோணல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கத்தியை நிமிர்த்தி, கூர் என் கண்ணுக்கு நேராக இருக்கும்படி பிடித்துக் காட்டினாள். ஒரு பக்கம் மட்டும் சரிவு; மறுபக்கம் தட்டை. வலது கைக்காரர்களுக்காக அப்படி ஒரு பக்கம்தான் சாணை பிடிப்பார்களாம். இடது கையில் அதே கத்தி காய்க்குள் இறங்கும்போது ஒதுங்கி ஓடுமாம். பெஹாலாவில் எங்கள் தெருவுக்குச் சாணை வண்டி கொண்டுவருகிறவரும் ஒரு பக்கம்தான் பிடிப்பார்.

"ஹாதேர் தோஷ் நெய், திதி," என்றாள் வங்காளியில்.

கையில் குற்றம் இல்லை! நாற்பத்தாறு வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்றாவது கத்தியைப் போலவே இன்னும் கூர் வைக்காத ஓர் அலகை எடுத்து, எனக்காக மறுபக்கம் சரிவு வைத்துச் சாணை பிடித்தாள். பொறி பறந்தது. கூட்டம் கூடிவிட்டது. மிச்ச உருளைக்கிழங்கை ஒன்றுவிடாமல் நறுக்கித் தள்ளினேன். ஒவ்வொரு துண்டும் நேர்க்கோடு. முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு துண்டை நீட்டி, "பாருங்கள்" என்றேன். வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

பொங்கலன்று என் பத்துத் துண்டுகளும் மாமியின் சுண்டுவிரலோடு ஒத்துப்போயின. மாமிக்கு நம்பிக்கை வரவில்லை, கத்தியைக் கேட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாதல்லவா, பலகையில் வைத்தேன். எடுத்து ஒரு கீற்றுப் பூசணியை நறுக்கினார். ஒரு முனை பருத்தது, ஒரு முனை மெலிந்தது. மறுபடி நறுக்கினார். மறுபடியும் அதுவே.

வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தன் விரல்களையே வெறித்துக்கொண்டிருந்த அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். என் சமையலறையில் எத்தனையோ நாள் நான் வைத்துக்கொண்டிருந்த முகம்.

"உங்க கையில ஒண்ணும் இல்ல மாமி. கத்தி இடது கைக்குத் தீட்டினது."

மாமி கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பலகையில் வைத்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, முழுப் பூசணி ஒன்றை என் பக்கம் உருட்டிவிட்டார்.