வேலியில் கட்டிய துணி

அவிநாசிபாளையம் பக்கம் எங்களுக்கு ஒரு கொறங்காடு உண்டு. வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும், சுற்றிலும் கிளுவை வேலியுமாக மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். பனியன் கம்பெனி தொடங்கிய பிறகு நாங்கள் அங்கே எட்டிப் பார்ப்பதே அரிது. எங்கள் காங்கேயம் பசுவைப் பங்கு வாரத்துக்கு மேய்த்தவள் என் வயதுக்காரி. ஒரு கன்று எங்களுக்கு, அடுத்தது அவளுக்கு. அந்தக் கோடையில் பசுவின் வயிற்றில் இருந்தது அவளுடைய கன்று.

வேலியில் ஒரு சந்து விழுந்திருந்தது. "மழை வந்ததும் கிளுவைப் போத்து நட்டுக்கலாமுங்க. அதுவரைக்கும் முள்ளு வெட்டி அடைச்சர்றனுங்க" என்றாள். எனக்கு எங்கே பொறுமை! கம்பெனியில்தான் கட்டிங் வேஸ்ட் குவிந்து கிடக்கிறதே. ஆரஞ்சுத் துணிக் கீற்றுகளை முறுக்கி, பெரிய கெட்டிக்காரி மாதிரி நானே கட்டி அடைத்தேன்.

"ஐயோ அம்மிணி, புல்லு காஞ்சா மாடு உப்புக்கு ஏங்குமுங்க. துணியக் கண்டா முழுங்கீருமுங்க."

"மாடு பனியன் திங்குமா? நல்லாச் சொன்னே போ!"

அன்றே அவள் மகளின் பிரசவத்துக்கு ஊத்துக்குளி போனாள். அங்கிருந்து போன் போட்டும், துணியை எடுத்தாச்சா என்றுதான் கேட்டாள். ஷிப்மெண்ட் அவசரத்தில், "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்றேன். எடுக்கவில்லை.

பத்தாம் நாள் பசு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. வேலியில் பாதித் துணியைக் காணோம். டாக்டருக்குச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, மிச்சத் துணியைப் பிய்த்து எரித்தது. சீ, என்ன ஜென்மம் நான்!

சேதி கேட்டு அவளும் ஓடி வந்துவிட்டாள். மாட்டு டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "துணி, பிளாஸ்டிக் ஏதாச்சும் தின்னுச்சுங்களா? அப்படின்னா வயித்தைக் கிழிச்சு எடுத்துப் பாக்கலாமுங்க."

பக்கத்தில் என் வீட்டுக்காரர். எதிரே அவள்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் பசு போய்விட்டது, வயிற்றில் கன்றோடு.

நான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதீங்க அம்மிணி. நீங்கதான் சொன்ன ஒடனே துணிய எடுத்துட்டீங்களே. சினை மாட்ட உட்டுட்டு நாந்தானுங்க போயிருக்கக் கூடாது."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாயையும் திறக்கவில்லை.