பென்சிலால் கோடு போட்ட விடை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பது எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். மாநில எல்லையில், பாகலூர் பக்கத்தில் இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். நான்கும் ஐந்தும் என் தலையில். ஒரே அறையில் முப்பத்து நான்கு பிள்ளைகள். வீட்டில் பாதிப் பேருக்குத் தெலுங்கு, மீதியில் பாதிப் பேருக்குக் கன்னடம். நானோ ஊத்தங்கரைக்காரி. தமிழைத் தவிர வேறெதுவும் வாயில் நுழையாது.

புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும், அதன் கீழே ஐந்து கேள்விகள் இருக்கும். படித்துப் புரிந்துகொண்டு விடை எழுத வேண்டும். வந்த புதிதில் உயிரைக் கொடுத்துத்தான் சொல்லித்தந்தேன். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியின் கதைக்கு நானே மேசைக்கடியில் புகுந்து கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி வெள்ளைத்தாள். மாதாமாதம் மதிப்பெண்ணைப் போனில் ஏற்ற வேண்டும். குறைந்தால் ஆசிரியர் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். ஒருமுறை அப்படி நின்றேன். அன்று பஸ்ஸில் வரும்போது அழுகையும் ஆத்திரமுமாகப் பொங்கியது. மார்க்குதானே வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரமே குறுக்குவழிக்குப் போய்விட்டேன். கேள்வியில் இருக்கிற முக்கியமான சொல்லை எடு. அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று தேடு. கிடைத்ததும் பென்சிலால் கோடு போடு. கோடு போட்டதை அப்படியே எழுது. நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றுமில்லை, பல ஆசிரியர்கள் செய்வதுதான். கதை புரிய வேண்டாம், அவ்வளவு ஏன், தமிழே புரிய வேண்டாம். மதிப்பெண் மளமளவென்று ஏறியது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வித்தையில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தெலுங்கு பேசும் வீடு. அப்பா இல்லை. அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலைக்குப் போகிறவர். இவள் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் தடங்கலில்லாமல் வாசிப்பாள். பார்வையிட வந்த அதிகாரியே அசந்துபோனார். அவர் போன பிறகு, "எங்க, அந்தக் கதைய உன் வார்த்தையில சொல்லு பாக்கலாம்" என்றேன். முதல் வரியை மனப்பாடமாகச் சொன்னாள். பிறகு இரண்டாம் வரி. எதிரே யாரோ புத்தகத்தைப் பிடித்திருப்பதுபோல் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள். இன்னும் சில மாதங்களில் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாள், அங்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் அம்மா ஒருநாள் பள்ளி கேட் அருகே நின்று, மகளைக் காட்டிப் பேசினார். "டீச்சரம்மா, எங்கூட்ல தமிழ் படிக்கறது இது ஒண்ணுதான். ரேசன் கடை, ஆஸ்பத்திரி, எல்லாச் சீட்டும் இதுதான் படிச்சி சொல்லுது." இடுப்பில் இரண்டு வயதுச் சின்னவள் இருந்தாள். அந்தக் குழந்தையின் ஒரு கண்ணில் வெள்ளையாகப் புரை. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள்.

தேதிக்கு மறுநாள் பெரியவள் பள்ளிக்கு வந்துவிட்டாள். "என்னடி, பாப்பாக்கு முடிஞ்சிதா?" என்றேன்.

"பண்ணல டீச்சர். பாப்பா பால் குடிச்சிட்டான்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அன்னிக்கு யாராவது பால் குடுப்பாங்களா? சீட்டுல எழுதித் தந்திருப்பாங்களேடி!"

பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். 'ஆபரேஷன் அன்று காலை குழந்தைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்ன பிறகு பால் கொடுக்கலாம்.' இதில் கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே மட்டும், ஸ்கேல் வைத்து, நேராக ஒரு பென்சில் கோடு. பாப்பா விடியற்காலையில் அழுதிருக்கிறாள். பால் கொடுக்கலாமா என்று அம்மா தெலுங்கில் கேட்டிருக்கிறார். இவள் சீட்டில் பாலைத் தேடியிருக்கிறாள்.

"சரியாத்தான டீச்சர் கோடு போட்டன்?"

வகுப்பே அடங்கிவிடும்படி கத்துகிறவள் நான். அன்று யாரைத் திட்டுவது? கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்கு அம்மா வந்தார். கையில் புதுச் சீட்டு, அதே வரிகள். ஒரு மாதம் தள்ளித் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இது மேல தப்பில்ல டீச்சரம்மா, திட்டாதீங்க. இது நல்லாத்தான் படிச்சுது. எனக்குத்தான் தமிழ் அரகொற" என்றார். உன் மகளுக்குப் படிக்கத் தெரியாதம்மா, தெரிந்ததுபோல் பழக்கியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் குழந்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்று கையைக் காலை ஆட்டி இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார். அந்த ஒரு நாளுக்கு அது போதும். இதற்குப் பிறகு வரப்போகிற சீட்டுகளுக்கு நான் எங்கே இருப்பேன்?

பெரியவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, புதுச் சீட்டை வாசிக்கச் சொன்னேன். தேன்போல வாசித்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. "சரி, அன்னிக்குக் காலையில பாப்பா பசின்னு அழுதா நீ என்னடி பண்ணுவ?" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்தாள். விரலை முதல் வரியில் வைத்து, சொல் சொல்லாக, கடைசி வரி வரை இறங்கினாள். சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"பசி இதுல இல்லியே டீச்சர்" என்றாள்.