தோல் பையில் வைத்த அக்காவின் காகிதம்

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டுக் கடைசியின் மழை மாதம். ஷா ஆலமில் ஓர் அரசாங்க அலுவலகத்தை விட்டுக் கையில் ஹெல்மெட்டோடு நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை அலுவலக வாசலிலேயே விட்டிருந்தேன். என் அக்காவும் அங்கேதான் வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "டாய்லெட் போய்ட்டு வரேன்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஷா ஆலம் நடப்பதற்கான ஊர் இல்லை. ஒரு வட்டச்சாலையைத் தாண்டினால் இன்னொரு வட்டச்சாலை. நடைபாதை திடீரென்று முடிந்து புல்லாகும், புல் சேறாகும். நான் நிற்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன்.

நான் இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜொகூரில் டயர் கடை, பினாங்கில் காவலாளி, பிறகு கோலாலம்பூரில் முதுகில் சதுரப் பெட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. எதிலும் நிலைத்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, நீண்ட பயணத்துக்கான பழைய மோட்டார் ஒன்று கைக்கு வந்தது. தாய்லாந்து எல்லை வரை போய் வர ஆசை. அதற்குப் பின்பக்கம் இருபுறமும் பை மாட்ட வேண்டும். கிள்ளானில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் கெட்டியான பெட்டிகளைக் காட்டினார். பூட்டு உண்டு, தண்ணீர் இறங்காது. நான் பார்த்ததோ பக்கத்தில் தொங்கிய கறுப்புத் தோல் பைகளை.

"மழ ஊருல ஓட்டுற. பாக்ஸ் எடுத்துக்க தம்பி. தோலு பாக்கத்தான் அழகு. நனைஞ்சா நாய் மாதிரி நாறும்" என்றார்.

"பாக்ஸ் அகலம்ணே. ஜாம்ல பூந்து போனா கார் கண்ணாடில இடிக்கும்."

நான் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. மூன்று ஆண்டுகள் பெட்டி சுமந்த முதுகு இது. பெட்டி மாட்டினால் சாப்பாடு கொண்டுபோகிறவன் என்றுதான் ரோட்டில் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

"சரி, தோலே எடு. கீழ ஒரு பிராக்கெட் மட்டும் போட்டுத் தரேன். இல்லாட்டி பேக் தொங்கி எக்சோஸ் பைப்பு சூட்டுல ஒட்டிக்கும்."

"கம்பி வெளிய தெரியும்லா அண்ணே. அசிங்கமா இருக்கும்."

"போடா, மாப்ள ஊர்வலத்துக்கா போற?" என்று சிரித்துவிட்டு, கம்பி இல்லாமலே மாட்டிக் கொடுத்தார்.

அக்கா ஜெஞ்சாரோமில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். நான் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பதிவானேன். குடிமக்களுக்கான நீல ஐ.சி., அதாவது அடையாள அட்டை, கிடைத்தது. அக்கா தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தாள், யாரும் பதியவில்லை. அதனால் அவளுக்குச் சிவப்பு. பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாத அட்டை. ஓட்டு இல்லை. மலிவு வீட்டுக்கு மனுப் போட்டால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எத்தனையோ முறை விண்ணப்பித்தாள். இங்கே பிறந்ததற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வியிலேயே ஒவ்வொரு முறையும் நின்றுபோனது.

அம்மாவின் இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு தாள் கிடைத்தது. தோட்டத்து மருந்தகத்தில் எழுதியது. அம்மா பெயர், பெண் குழந்தை, தேதி, தோட்டத்து முத்திரை. தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. இனி வேறெங்கும் அந்தத் தாளை வாங்க முடியாது. பிரிக்பீல்ட்ஸில் இப்படிப்பட்டவர்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பித் தரும் ஒருவரிடம் அதைக் கொடுத்திருந்தோம். லேமினேட் செய்ய வேண்டாம், அசலை அப்படியே காட்ட வேண்டும் என்றார். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். நகல்களைத் தனியாகக் கொடுத்தார். அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அசல் பத்திரமாக இருக்கட்டும் என்று மோட்டாரின் தோல் பையில் வைத்தேன்.

அக்கா காலைப் பேருந்தில் நேராக ஷா ஆலம் பதிவு அலுவலகத்துக்கு வருவதாக ஏற்பாடு. நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்தேன். பாதி வழியில் மழை கொட்டியது. நேரமாகிவிடும் என்று நனைந்துகொண்டே ஓட்டினேன். பிறகு கண்ணே தெரியாமல் போனதும் ஒரு பாலத்தடியில் மற்ற மோட்டார்க்காரர்களோடு ஒதுங்கினேன். மழைக்கோட்டு போட்ட ஒருவர் கத்தினார்.

"அண்ணே! ஒங்க பேக்கு புகையுது பாருங்க!"

"என்ன பாஸ், உள்ள சாத்தே கறியா சுடுறீங்க?" என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முந்திய நாள்களின் மழையில் தோல் ஊறி, வார் நீண்டு, பை புகைக்குழாயின் மேலேயே படுத்திருந்தது. அடிப்பக்கம் கருகிச் சுருங்கியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. அங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன். அப்படியே விட்டிருந்தால் விவரம் தெரிந்தவர் யாராவது பிரித்துக் கொடுத்திருக்கலாம். நான் பதற்றத்தில் நகத்தால் பிய்த்தேன். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் வந்தது. அம்மாவின் பெயர் இருந்த வரியும் முத்திரையும் என் விரலில் சுருண்டு நின்றன. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "முக்கியமானதா அண்ணே?" என்று மழைக்கோட்டுக்காரர் கேட்டார். நான் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையோடு மோட்டாரைக் கிளப்பினேன்.

பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மாள் எங்களை அதட்டவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போய் வந்தார். அசலோடு ஒத்துப் பார்த்தால்தான் நகலுக்கு மதிப்பு என்றார். பிரசவம் பார்த்தவரோ, அப்போது பக்கத்து வீட்டில் இருந்தவரோ உயிரோடு இருந்தால், அவரைச் சத்தியப் பிரமாணம் எழுத வைத்து அழைத்து வாருங்கள், முயன்று பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

தாழ்வாரத்துக்கு வந்தோம். அக்கா தீபாவளிப் புடவை கட்டி வந்திருந்தாள். கருகிய தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தலைய குனியாதடா. செவப்போட இத்தன வருசம் இருந்துட்டேன். மிச்சத்தையும் இருந்துட்டுப் போறேன்."

திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அதற்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. கழிவறைக்கு என்று சொல்லி நடந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி. வாசலில் இருந்த நேப்பாளக் காவலாளி, அந்த அக்கா ரொம்ப நேரம் காத்திருந்து, இரண்டு முறை கழிவறைப் பக்கம் போய் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினார் என்று உடைந்த மலாயில் சொன்னான்.

சாயங்காலம் ஜெஞ்சாரோம் போனேன். அக்கா புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? நீ தாய்லாந்து போய்ச் சேந்திருப்பன்னு நெனச்சேன்."

"ஆளத் தேடிப் பாக்குறேன்கா."

"யாரடா தேடுவ? பிரசவம் பாத்த ஆயா செத்து எத்தனையோ வருசம். லயத்துல இருந்தவங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. பந்திங் டவுன்ல பாதி, கம்பத்துக் கிராமங்கள்ல பாதி, எவன் கண்டான்?" கொடியில் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பாமலே கேட்டாள். "எத்தன நாள் தேடுவ? ஒரு வாரம்? அப்புறம் மோட்டார எடுத்துருவ."

அவள் சொன்னது தப்பில்லை.

மறுநாள் விடிந்ததும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று கிளம்பும் இடத்துக்குப் போனேன். சின்னச் சின்னத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் நின்று குலை எடுத்துக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகும் லோரி. பழைய தோட்டத்து மக்கள் சிதறிப்போன அதே பக்கங்கள் வழியாகத்தான் அது தினமும் போகும். கூர்மையான இரும்புக் கம்பியால் குலையைக் குத்தித் தூக்கிப் போடும் வேலை, அவர்களுக்கும் ஆள் தேவைப்பட்டது.

"எத்தன நாளு இருப்ப? ரெண்டு நாள்ல ஓடிருவியா?" என்று லோரிக்காரர் கேட்டார்.

"ஒரு ஆளக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இருப்பேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினேன்.

லோரி நின்ற முதல் வீட்டிலேயே, குலையைத் தொடுவதற்கு முன், அம்மாவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா இந்த மண்ணில்தான் பிறந்தாள் என்று சொல்ல முந்தின நாள்வரை ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காலையிலிருந்து அதற்குப் பதிலாக இருப்பது, நிற்கும் வாசலிலெல்லாம் கேட்டுக்கொண்டு போகும் என் வாய் ஒன்றுதான்.