பாலுக்காரி மகளின் வயிறு

கொதிக்கிற பாலில் ஆடை படியும்போது எழும் கொழுத்த வாசனையில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அரிமளத்தில் பாதித் தெருவுக்குப் பால் ஊற்றியவள் என் அம்மா. நாங்கள் ‘ஆத்தா’ என்போம். அவள் பெற்ற எனக்கோ, அந்தப் பாலைக் குடித்தால் வயிறு உப்பி, ‘கடமுட’வென்று உருண்டு, கொல்லைக்கு ஓட வேண்டியதாகிவிடும். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

ஒருநாள் வகுப்பில் எழுந்து ஓடும் முன்பே பாவாடை நனைந்துவிட்டது. பேச்சியம்மாள் என்ற என் பெயரைப் பிள்ளைகள் அன்றே ‘பீச்சி’ ஆக்கிவிட்டார்கள். ஆத்தாவுக்கு வருத்தத்தைவிடப் பயம்தான் அதிகம். “வெளிய மூச்சு விட்றாத. பாலுக்காரி மகளுக்கே பாலு ஒத்துக்கலைன்னா எவ வாங்குவா?” என்பாள், நோஞ்சானாகிவிட்டேன் என்று இன்னொரு டம்ளரும் ஊற்றித் தருவாள்.

நான் குச்சியாய் இளைத்த பிறகுதான் புதுக்கோட்டை டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனாள். அவர் சொன்னபடி பாலை நிறுத்தியதும் வயிறு அடங்கியது. அடுத்த முறை வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, வெள்ளைப் பொடி ஒன்றைத் தண்ணீரில் கரைத்து நீட்டினார். “பால்ல இருக்கற சர்க்கரை மட்டுந்தாம்மா இது. குடிச்சிட்டு வெளிய உக்காரு. என்ன செய்யுதுன்னு பாப்போம்.”

வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், எங்களிடம் பால் வாங்கும் மேலத்தெரு அக்கா. சற்று நேரத்தில் வயிறு இரைந்தது. எழுந்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா சேலையைச் சுருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

“என்னங்க, புள்ளைக்கு என்ன?”

முந்தானையால் என் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஆத்தா, அத்தனை நோயாளிகளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: “எங்க பாலு நல்ல பாலுதாங்க. இவ வயிறுதான் கெட்ட வயிறு.”

நனைந்த பாவாடையைவிட அந்தச் சொல்தான் என்னைக் கூசவைத்தது. வெளியே வந்த டாக்டர், “பாலு மேலயும் குத்தமில்ல, வயித்து மேலயும் குத்தமில்ல. நெறையப் பேருக்கு அந்தச் சர்க்கரை செரிக்காது. குடுக்காதீங்க, அவ்வளவுதான்” என்றார். ஆத்தா தலைநிமிரவில்லை. அதன்பின் எனக்குக் கேப்பைக்கூழ்தான், உடம்பும் தேறியது. மேலத்தெரு அக்காவும் பால் வாங்குவதை நிறுத்தவில்லை. ஆத்தா அவ்வளவு பயந்திருக்க வேண்டியதே இல்லை.

இன்று இதே சோதனையில், அந்தக் கரைசலைக் குடித்துவிட்டு அவ்வப்போது குழாயில் மூச்சை ஊதினால் போதுமாம். ஆத்தாவும் இல்லை, மாடுகளும் இல்லை. ‘பீச்சி’ என்று கூப்பிட்டவர்களிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள். ஆனாலும், எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும் முன்பே கழிப்பறை எந்தப் பக்கம் என்று என் கண்கள் தேடிவிடுகின்றன. யாரும் கவனித்துவிட்டார்களோ என்று உடனே தலையைக் குனிந்துகொள்கிறேன்.