அன்றைக்குச் சுடாத கால்

என் கணவர் அந்தப் பார்மசிக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. நோய் அவருடையது, நடை என்னுடையது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, பினாங்கில் டத்தோ கெராமாட் பக்கம் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் ஏற்பாடு. ஆண்களுக்கு உடம்புக்கு முடியவில்லையென்றால் பெண்கள் போய் விவரம் சொல்லி மருந்து வாங்கிவர வேண்டும். திரும்பி வந்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வி வேறு.

எண்பதுகளில் நடந்தது இது. நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. மதியம் பள்ளி விட்டு பஸ் இறங்கும் இடத்திலேயே அந்தக் கடை. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், என்னைவிட இளையவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். தான் நர்ஸ் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார், பிறகு விட்டுவிட்டார். இங்கே கிளினிக் டாக்டர்களே மாத்திரையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவதால், மருந்துச் சீட்டோடு அவரைத் தேடி வருகிறவர்கள் குறைவு. தைலமும் பால்மாவும் வாங்கத்தான் வருவார்கள். வாங்கிய பிறகு, "மிஸி, ஒண்ணு கேக்கணும்" என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். அவரும் கைவேலையை விட்டுவிட்டுப் பொறுமையாகச் சொல்வார். ஓசியில் கிடைக்கும் யோசனைக்கு நம் ஜனங்கள் என்ன மரியாதை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள்.

எங்கள் வீட்டில் தலையாட்டக்கூட ஆள் இல்லை. என் கணவருக்குச் சர்க்கரை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பார்த்தார், ஆள் நல்ல கலகலப்பு. கிளினிக் மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் சந்தோஷப்படுவார். காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு, அந்தப் புண்ணியத்தில் வேலையிடத்தில் தித்திப்புத் தூக்கலாக, இழுத்து ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரிக். எதைச் சாப்பிடலாம், மாத்திரையை ஏன் விடக்கூடாது, புண் வந்தால் என்ன செய்வது என்று மிஸி சொன்னதையெல்லாம் நான் ஒன்று விடாமல் சுமந்துகொண்டு வருவேன். அவை எங்கள் வாசலோடு செத்துப்போகும். அவரை ஒருமுறை அழைத்து வாருங்கள் என்று மிஸி சொல்லாத மாதமில்லை. வரமாட்டார் என்று நான் சொல்லாத மாதமும் இல்லை.

ஒருநாள் மீன் வாங்கப் பாசாருக்குப் போன கணவர் ஒற்றைச் சிலிப்பரோடு வந்து நின்றார். மற்றது எங்கே கழன்றதென்றே தெரியவில்லையாம். ரோட்டுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டேன் என்று அவரே சிரித்தார். மறுநாள் நானும் கடையில் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன். மிஸி சிரிக்கவில்லை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி நுனியை முறுக்கி என் கையில் கொடுத்தார். கண்ணை மூடச்சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட வேண்டும், தொட்டவுடன் அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அன்று சாயங்காலம் அவர் விளையாட்டுப் போலத்தான் ஒத்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, காலை நீட்டிக்கொண்டார். நான் பெருவிரலிலிருந்து ஆரம்பித்தேன். பஞ்சால் தொட்டேன். பிறகு கொண்டை ஊசியின் மழுங்கிய பக்கத்தால் அழுத்தினேன். ஒரு கால் முடிந்து மறுகாலுக்குப் போய் அதையும் முடித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"எப்ப ஆரம்பிக்கப் போற?"

முடித்துவிட்டேன் என்று சொன்னதும் அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, ஸ்டோரில் நாள் முழுக்க நிற்கிற காலுக்குத் தோல் தடிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி எழுந்துபோனார்.

மறுநாள் விவரம் சொன்னதும், நரம்பு செத்துவிட்டது, இனி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்றார் மிஸி. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் பிறந்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவள் பிழைத்தால் ஒவ்வொரு வருஷமும் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர் அவர். ஒரு வருஷமும் தவறியதில்லை. என் உயிருக்காக எடுக்கிற காவடியை நான் எந்த வாயால் நிறுத்தச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். இந்த வருஷம் வேண்டாம் என்றேன். குறைந்தது தடித்த காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"காலுறை மாட்டிக்கிட்டு சாமி முன்னால போய் நிக்கச் சொல்றாளா உன் மிஸி? சும்மா இரு லா."

கடைசியில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடலாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். அதுவே எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஆனால் அன்று மேளக்காரர்கள் வந்து சேரவே நேரமாகிவிட்டது. எங்கள் கூட்டம் புறப்பட்டபோது வெயில் நடு மண்டையில் இருந்தது.

ஜனவரி வெயிலில் பினாங்குத் தார் ரோடு எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். காவடி எடுத்தவர்களே துள்ளித் துள்ளி ஓரத்து ஈரத்தைத் தேடினார்கள். கூட வந்த பெண்கள் பந்தல் நிழலுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் நடு ரோட்டில், வீட்டுத் தரையில் நடப்பதுபோல நிதானமாக ஆடிக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்தவர்கள் அருள் வந்திருக்கிறது என்றார்கள். யாரோ ஓர் அம்மாள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கணவருடைய அக்கா தேம்பித் தேம்பி அழுதார். அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் தண்ணீர்ப் புட்டியோடு ஓடி ஓடி அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாமி வந்த காலை நனைக்காதே என்று அந்த அக்கா என் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கிக்கொண்டார். நடுத்தெருவில் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் பின்னாலேயே நடந்தேன்.

காவடியை இறக்கிய பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா, ஒண்ணுமே சுடல. போய் உன் மிஸி கிட்ட சொல்லு."

வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிப் பார்த்தால், இடது பாதம் முழுக்கத் தோல் வெளுத்து, நீர் கோத்துக்கொண்டு உப்பியிருந்தது. வலிக்கவே இல்லையே, அப்புறம் என்ன என்றார். மறுநாள் காலை மிஸியிடம் ஓடினேன். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, வேறு பேச்சே வேண்டாம் என்றார். ஆனால் வீட்டில் அதற்குள் சொந்தபந்தம் கூடிவிட்டது. அருள் வந்த காலைப் பார்க்க கடல் தாண்டி நிபோங் திபாலிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அவருடைய அக்கா கொப்புளத்தின்மேல் விபூதியும் சந்தனமும் குழைத்துப் பூசினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சாமி கொடுத்ததைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று அந்த அக்கா சொல்ல, இவர் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து, கடையைச் சாத்திவிட்டு மிஸியே வீட்டுக்கு வந்தார். அவ்வளவு காலம் என் வாய்வழியாக மட்டும் தெரிந்த மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார், தேத்தண்ணி போடச் சொன்னார், பிறகு பரிசு வாங்கியவர் போலக் காலை நீட்டிக் காட்டினார். அந்த அறையில் அடித்த நாற்றம் எனக்குப் பழகிப்போயிருந்தது என்று மிஸியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மிஸி தரையில் உட்கார்ந்து, சந்தனத்தைக் கழுவித் துடைத்து, மேலே துணி சுற்றினார். பிறகு இவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, இது அருள் இல்லை. உங்கட காலுக்கு உணர்ச்சி இல்லை. அதுதான் சுடேல்லை. இப்ப போனால் உயிரைக் காப்பாத்தலாம்."

"நீங்க படிச்சவங்க மிஸி, நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றார் இவர், சிரித்த முகத்தோடு.

காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் எங்களால் அவரைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வேலை போயிற்று. அருள் என்றவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா வந்தால் வாசலருகே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். இவர் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கலகலப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இதைவிட மோசமாக இனி என்ன வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் பள்ளியிலிருந்து வந்தபோது வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். கால் சுடுகிறது என்றார். எந்தக் கால் என்று கேட்டேன். இல்லாத பக்கத்தைக் காட்டினார். தார் ரோட்டில் நிற்கிற மாதிரி எரிகிறதாம். விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிகிறதாம். இருந்தபோது தெரியாத விரல்கள். நான் என்ன செய்வேன்? வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றேன்.

"அன்னைக்கு சாமி தாங்கிக்கிட்டாரு. இப்ப விட்டுட்டாரு" என்றார்.

மிஸியிடம் போனேன். காலை இழந்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு, பொய்யில்லை, உண்மையான வலிதான் என்றார். எடுத்த இடத்துக்கு மேலே மெதுவாகத் தடவிவிடச் சொன்னார், ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லச் சொன்னார். தன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்றார். டாக்டரிடமும் சொன்னோம். அவர் கொடுத்த மாத்திரைக்குத் தூக்கம் வந்தது, எரிச்சல் போகவில்லை. தடவியும் பார்த்தேன். திரும்பவும் மிஸியிடம் போனேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கே வந்திருந்தார்.

"மிஸி என்ன சொன்னாங்க?"

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூட்டை மூட்டையாக நான் கொண்டுவந்த காலத்தில் கேட்காதவர், வெறுங்கையோடு வந்த அன்று கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இதற்கு மருந்து இல்லையாம் என்றேன்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு இன்னொரு தடவ கேட்டுப் பாரேன்" என்றார்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் போனேன். என்னைப் பார்த்ததும் மிஸி தலையைக் குனிந்துகொண்டார்.