சீல் உடைந்த பெட்டி

சண்டை நடந்த காலத்தில் கொழும்பு ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் வேலை செய்தேன். வீடு கொட்டாஞ்சேனை. காலையில் நடந்தே போவேன். வழியில் ஆமி செக்பொயின்ட். அடையாள அட்டையான ஐசியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். அங்கே போய் நின்று பொக்கெட்டுக்குள் கை விட்டால் அவர்கள் துவக்கைத் தூக்குவார்கள்.

கொண்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டியின் கதவில் சீல் இருக்கும். சில பெட்டிகள் சீல் உடைந்து வரும். வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள். முன்பு என்றால் என்ன களவு போயிருக்கிறது என்று பார்ப்போம். கொழும்பில் குண்டு வெடிக்கத் தொடங்கிய பிறகு, உள்ளே என்ன வைத்திருக்கிறார்களோ என்ற பயம் வந்தது.

அப்படி ஒரு பெட்டி வந்தால் எல்லோரும் லொறிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். தமிழன்தான் போய்த் திறக்கவேண்டும். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. சூப்பர்வைசர் ஒரு நாள் சொன்னார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. “உங்கட ஆக்கள் வச்சதுதானே, நீயே திற” என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் இன்னொரு தமிழனும் இருந்தான். அவன் சவூதிக்குப் போய்விட்டான். பிறகு நான் மட்டும்.

சூப்பர்வைசர் சிங்களவர், பெரிய குரல். “பலயன், தொர அரபன்” என்பார். போ, கதவைத் திற. மறுக்க முடியாது. இவனில் சந்தேகம் என்று பொலிசுக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிக் கொண்டுபோனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் பெண்சாதியும் கைக்குழந்தையும். கதவைத் திறக்கவும் பயம், அவரை மறுக்கவும் பயம். திறந்தேன்.

அப்போது புது மெனேஜர் ஒருவர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர். நோட்டீஸ் ஒட்டினால் யாரும் வாசிப்பதில்லை, நாடகம் போட்டால் பார்ப்பார்கள், பார்த்தால் திருந்துவார்கள் என்றார். எல்லோரும் ஹெல்மெட் போடவேண்டும். அதுதான் நாடகம். எழுதுகிற வேலையை ஒபிஸ் கிளார்க் மிஸ்ஸிடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தது. நடிக்க என்னையும் போர்க்லிப்ட் டிரைவரையும் பிடித்தார்கள். டிரைவர் ஹெந்தளைச் சிங்களவன், என்னைப் போல வேதக்காரன். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் யேசுவின் பாடுகளைக் காட்டிப் போடும் பாஸ்கு நாடகத்தில் அவனும் நடித்தவன், நானும் நடித்தவன்.

தேத்தண்ணி நேரத்தில் கன்டீனுக்குப் பின்னால் கூடினோம். பேச்சு சிங்களத்தில்.

“ஹெல்மெட்டா?” என்றான் டிரைவர். “இந்த யார்டில ஹெல்மெட்டுக்கு யார் மச்சாங் பயம்? சீல் உடைஞ்ச பெட்டிய வச்சு நடிப்பம்.”

“வேணாம்” என்றேன்.

“ஏன் வேணாம்?”

“நான் பின்னேரம் வீட்டுக்குப் போகோணும்.”

மிஸ் என்னைப் பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொன்னது. “அண்ணை, எனக்கும் இரவில செக்கிங் எண்டால் பயம்தான். ஆனா நீங்கள் அந்தப் பெட்டிக்குக் கிட்டப் போறதை ஒபிஸ் ஜன்னலாலை பாத்துக்கொண்டு இருக்கிறதும் எனக்கு ஏலாமல் கிடக்கு. ஹெல்மெட் கதை மாதிரியே எழுதித் தாறன். பெட்டியைத் திறக்கிறவன் ஹெல்மெட் போடேல்லை, பலகை தலையில விழுது. அவ்வளவுதான்.”

எழுதிவிட்டது. திறக்கச் சொல்லுகிற சூப்பர்வைசர் வேஷம் யாருக்கு என்பதில்தான் சண்டை.

“நான் அவரை நடிச்சா என்னைக் கொண்டுபோய் உள்ளுக்குப் போட்டுடுவாங்க” என்றேன்.

“நான் நடிச்சா?” என்றான் டிரைவர். “எங்கட ஊர்ல போன வருஷம் யூதாஸா வந்தவனுக்கு மீன்காரன் இன்னும் நாறல் மீன்தான் குடுக்கிறான்.”

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். கெட்டவன் வேஷம் போட்டால் சனம் வருஷம் முழுக்க விடாது. அதனால் அந்த வேஷத்துக்கு, ஒன்றைக் கட்டையாக முறித்து வைத்து நெருப்புக்குச்சி இழுப்பார்கள். கட்டைக்குச்சி யாருக்கோ, வேஷம் அவனுக்கு. பிறகு மறுக்கக் கூடாது. நாங்களும் இழுத்தோம். கட்டைக்குச்சி எனக்கு வந்தது.

நாடகத்துக்கு முந்தின இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பெண்சாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கன்டீனில் மேசைகளைத் தள்ளிவைத்தார்கள். இரண்டு பலகையை நிறுத்திப் பெட்டிக் கதவு என்றோம். ஒரு வாங்கு, நீளப் பெஞ்சு, அதுதான் லொறி. முன் வரிசையில் மெனேஜர், பக்கத்தில் சூப்பர்வைசர். நான் இடுப்பில் கையை வைத்து, அவர் துடைப்பது போலவே லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சனம் கொல்லென்று சிரித்தது. என் முதுகு முழுக்க வேர்வை.

“பலயன், தொர அரபன்!”

டிரைவர் கதவுக்குப் போனான். உடனே திறக்கவேண்டும், அப்படித்தான் ஒத்திகை. அவன் திறக்கவில்லை. சேட்டைக் கழற்றினான். மடித்து, கதவுக்குத் தூரமாகக் கீழே வைத்தான். ஐசியை எடுத்து அதன் மேல் வைத்தான். பிறகு நெற்றியில் சிலுவை போட்டான்.

அது நான் செய்வது. உடம்பு சிதறினாலும் ஐசி மிஞ்சினால் இன்னார் என்று வீட்டுக்குச் சொல்லுவார்களே, அதற்காக. லொறிக்குப் பின்னால் நின்று இவன் இதையெல்லாம் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

டிரைவர் திரும்பி என்னைக் கேட்டான். “சேர், நீங்க எங்க நிப்பீங்க?”

மிஸ் எழுதாத வசனம். எனக்குப் பின்னால் வாங்கு இருந்தது. சூப்பர்வைசர் அந்த நேரத்தில் எங்கே போவாரோ அங்கே போனேன். வாங்குக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. மெனேஜர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “இங்க இப்பிடியா நடக்குது?” சூப்பர்வைசர் எழுந்து வெளியே போய்விட்டார். பலகை தலையில் விழுகிற இடத்துக்கு நாங்கள் போகவேயில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது பின்னால் எந்த வாகனம் வந்தாலும் மதில் ஓரமாக நின்றேன். பெண்சாதியிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“உங்களுக்கு ஏன் இந்தக் கூத்து?” என்றாள். “அந்த மனுசன் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். பிள்ளையத் தூக்கிக்கொண்டு நான் எந்தப் பொலிசுக்குப் போய் நிக்க?” பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் என்னோடு பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஏசினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மெனேஜர் புது உத்தரவு போட்டார். சீல் உடைந்த பெட்டியை இனி நாங்கள் யாரும் திறக்கக் கூடாது. எல்லோரும் கேட்டுக்கு வெளியே போய் நிற்கவேண்டும். பொலிஸ் வந்து திறக்கும்.

நாடகம் பலித்துவிட்டது என்று டிரைவர் என் முதுகில் தட்டினான். பொலிஸ் யார்டுக்கு வந்தால் முதலில் என்ன கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது.

பெட்டி வந்தது. எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். ஜீப்பில் வந்த பொலிஸ்காரரில் இரண்டு பேர் பெட்டிப் பக்கம் போனார்கள். அவர்களின் பெரியவர் எங்களிடம் வந்தார். நான் நினைத்ததையே கேட்டார்.

“இங்க கொண்டெய்னர் வேலையில தெமள ஆக்கள் இருக்கிறாங்களா?”

தெமள என்றால் தமிழ். சூப்பர்வைசரைப் பார்த்துத்தான் கேட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அன்று கன்டீனை விட்டுப் போனதற்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார். லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஓடினால் சுடுவார்கள். நின்றேன்.

“ஒருத்தன் இருக்கிறான்” என்றார். “என்ட ஆள்.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

“நான் இங்க சூப்பர்வைசரா வந்த நாளிலயிருந்து. எதாவது எண்டா எனக்குச் சொல்லுங்க. நான் வந்து பொறுப்புக் கையெழுத்து வைக்கிறேன்.”

பெரியவர் என் ஐசியை வாங்கினார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். ஐசியைத் திருப்பித் தந்துவிட்டுப் பெட்டிப் பக்கம் நடந்தார். பெட்டிக்குள் தரை ஓடு. வேறொன்றும் இல்லை.

ஜீப் போன பிறகு சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அடோ, நான் கதைக்கிறது அப்பிடியா இருக்கும்?”

“நாடகத்துக்குத்தானே சேர். கொஞ்சம் கூட்டித்தான் செஞ்சது.”

“பொய் சொல்லாத” என்றார். “எனக்கும் பயம்டா. அதுதான் கத்துறது.” பிறகு எல்லோரையும் பார்த்து, “என்ன பார்வை? போய் வேலையப் பாருங்க” என்று கத்தினார்.

பின்னேரம் பெண்சாதி சோறு போட்டுக்கொண்டே, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். பொலிஸ் வந்தது என்றேன். கரண்டி அப்படியே நின்றது. போய்விட்டார்கள் என்றேன். அவள் எழுந்து போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்து மிச்சச் சோற்றைப் போட்டாள்.