ஒற்றைக்கால் குருவி

துணி ஆலையின் டிசைன் அறையில் அவளுக்கு ஜன்னலோர மேசை. பன்னிரண்டு வருஷமாகப் பூவும் கொடியும் வரைந்து கை மரத்துப்போயிருந்த நேரத்தில், ஐந்து வயது மகள் வீட்டுச் சுவரில் ஒரு குருவியைக் கிறுக்கி வைத்தாள். ஒரே ஒரு கால்.

"இன்னொரு கால் எங்கடி?"

"அது தூங்குதும்மா. காலை உள்ள வச்சிருக்கு."

அவளுக்குச் சிரித்து மாளவில்லை. அந்தக் குருவியை அப்படியே எடுத்து, வரிசையாக அடுக்கி, மஞ்சள் துணியில் அச்சிடக் கொடுத்தாள். துணி சக்கைப்போடு போட்டது.

அடுத்த மழைக்காலத்தில், மூன்றே நாள் காய்ச்சலில் குழந்தை போய்விட்டது.

குருவி போகவில்லை. பேருந்தில் யாரோ ஒருத்தியின் சட்டையில், எதிர்வீட்டுத் திரையில் என்று போகிற இடமெல்லாம் ஒற்றைக்காலில் நின்றது. ஆலை மேலாளரிடம் போய், "அந்த டிசைனை நிறுத்திடுங்க சார்" என்றாள். அவர் கெட்டவர் இல்லை. "நல்லா ஓடுதும்மா. மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

அந்த மாதமே வேலையை விட்டாள். சுவரில் கிறுக்கல் இருந்த வீட்டையும் காலி செய்தாள். பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியை ஆனாள். பிள்ளைகள் நாயை நீலமாக வரைந்தாலும் திருத்தமாட்டாள். வீட்டில் அவள் வரைந்த ஓவியங்களில் மேசை உண்டு, நாற்காலி உண்டு, ஆள் மட்டும் கிடையாது.

கணவர் நேர்மாறு. அந்தத் துணி கண்ணில் பட்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒருநாள் அதில் திரையே வாங்கி வந்துவிட்டார்.

"கடையிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க."

"நான் வேற எங்க போய் அவளைப் பாக்கறது?"

அவள் திரையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் மகளைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

ஒன்பதாம் வருஷம் மேலாளரிடமிருந்து போன் வந்தது. "அந்தத் துணியை நிறுத்தி ஆறு மாசமாச்சும்மா. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை.

கால் ஓய்ந்து வீடு திரும்பி, போய்வந்த காரியத்தைக் கணவரிடம் சொன்னாள்.

"நானும் நாலு மாசமா தேடறேன்" என்றார் அவர். "உக்காரு."

இருட்டும்வரை மகளைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு முதலில் விழுந்தது மேல்பல்லா கீழ்ப்பல்லா என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.